கடலைக்காட்டுக்கு 5 ஜூல் சோலார் வேலி செட்: பன்றி நிற்குமா?

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு மூன்று எல்லைகள் பிரித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். தோட்டக்காரர் அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் வெடி), சுருக்கு எதையும் தொட முடியாது. 1972 வனவுயிர் சட்டத்தின் ஆயுதப் பட்டியலில் வில் அம்பு கூட பேர் சொல்லியே இருக்கிறது. ஆக தொண்டாமுத்தூரோ அந்தியூரோ, இந்த எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் உங்க தோட்டம் இருந்தாலும் இன்றைக்கு ராத்திரி கடலையைக் காப்பது வேலிதான்.

கடைகளில் அதிகம் ஓடுவது கம்பியில் ஷாக் அனுப்பும் 5 ஜூல் மெஷின் (ஜூல் என்பது ஷாக்கின் பலம்), 40 வாட் பேனல், 12 வோல்ட் 26 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி சேர்ந்த செட். மெஷினில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒன்றே கால் நொடிக்கு ஒரு ஷாக், டக் டக்கென்று சீராக வருகிறது. வாங்கும்போது ஐ.எஸ். 302-2-76 தரம் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்க.

சொதப்புவதெல்லாம் எர்த்தில். செட்டோடு ஒரே ஒரு ராடு, அதுவும் ஒன்றரை அடியில் தருகிறார்கள். நம்ம செம்மண் பங்குனி, சித்திரையில் ஓடு மாதிரி காய்ந்துவிடும். அதில் இந்த ராடு சும்மா குச்சி நட்ட கணக்குத்தான். பன்றி கம்பியைத் தொட்டாலும் கரண்ட் மண் வழியாகத் திரும்பி மெஷினுக்கு வந்தால்தான் அடி விழும். 5 அடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு மூன்று வாங்கி, பத்தடிக்கு ஒன்றாக, சொட்டுநீர் ஈரம் படும் இடத்தில் அடியுங்க. சரிபார்க்க, மெஷினிலிருந்து 300 அடி தள்ளி நாலைந்து இரும்புக் கம்பிகளை மண்ணில் நட்டு வேலியோடு சாய்த்து, வேலி 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் எர்த் ராடை அளந்து பாருங்க. 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னொரு ராடு வேணும்.

அடுத்தது கீழ்க்கம்பி. பன்றியின் முதுகில் ரோமமும் தடித்த தோலும், அங்கே ஷாக் ஏறாது. ஈரமூக்குதான் இலக்கு. பொருத்த வருகிறவர்கள் ஆடுமாட்டு வேலிப் பழக்கத்தில் முதல் கம்பியை ஒரு அடிக்கு மேல் கட்டுகிறார்கள், குட்டிகள் குனியாமலே நுழையும். தரையிலிருந்து 15, 35, 60 சென்டிமீட்டர் என மூன்று வரிசை போதும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் இடைவெளி தானாகவே கூடிவிடும். பன்றி அந்த இடத்தைத்தான் கண்டுபிடிக்கும், அங்கே தனியாக ஒரு வரிசை இழுங்க.

சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. 15 அடிக்கு ஒரு வேலிக்கால் என்றால் 56 கால். மூன்று வரிசைக்கு 14 கேஜ் ஜி.ஐ. கம்பி ஏறக்குறைய 20 கிலோ. காலில் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரைக் கறுப்பில் வாங்குங்க, வெள்ளை வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடுகிறது. மெஷினிலிருந்து வேலிக்குப் போக வீட்டு ஒயரைக் கொடுப்பார்கள், வேண்டாமுங்க. அதன் உறை இந்த வோல்ட்டேஜைத் தாங்காது, மழைக்கு அங்கேயே கசியும்.

பேட்டரி நடுத்தரம். ஒரு ராத்திரிக்கு 6, 7 ஏ.எச். தின்னும். ஐப்பசியில் மூணு நாள் வானம் மூடாக்கு போட்டால் பாதிக்கு மேல் காலி. 40 ஏ.எச். எடுப்பது நல்லது. அதே மழையில் கோரையும் அருகும் கீழ்க்கம்பியைத் தொட்டு வோல்ட்டேஜைக் குடிக்கும், பத்து நாளைக்கு ஒரு முறை அறுத்தே ஆகணும். டெஸ்டரில் 4,000 வோல்ட்டுக்குக் கீழே போனால் பன்றி மதிக்காது. இடி வருவதற்கு முன்பே வேலி ஒயரை மெஷினிலிருந்து கழற்றிவிடுங்க. மின்னல் தடுப்பான் செட்டில் இல்லை, தனியாகத்தான் வாங்கணும்.

விற்கிறவர்கள் சொல்லாமல் விடும் சங்கதி ஒன்று. 2023 விதிகளின்படி காப்புக்காட்டுக்கு 5 கிலோமீட்டருக்குள் புது மின்வேலிக்கு வனத்துறை முன் அனுமதி வேணும், பழைய வேலியைப் பதிவு செய்யணும். பேட்டரி இறங்கிப்போச்சு என்று இ.பி. லைனை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலை. பன்றிக்கு முன்னால் தண்ணி பாய்ச்சப் போகிற ஆள் விழுவார்.

யானை வரும் தடமாக இருந்தால் இந்த செட்டுக்குக் காசு போடாதீங்க. வேலிக்காலையே பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போகும்.