ஈவென்ட் ஃபார்வர்டிங்கோடு இரண்டு வருடம்: சத்தம் போடாமல் சாகிற ஹோஸ்ட்

போன வாரம் ஒரு ஹோஸ்ட்டில் டிஸ்க் மாற்றினோம். அந்தச் சூடு ஆறுவதற்குள் நண்பன் கூப்பிட்டு, "மச்சி, மூணு ஹைப்பர்-வி ஹோஸ்ட் இருக்கு. லாக் எல்லாம் ஒரே இடத்துல பார்க்கணும். விண்டோஸ் ஈவென்ட் ஃபார்வர்டிங் போடலாமா?" என்றான். போனில் அவனுக்குக் கிடைத்தது பாதி திட்டு. மிச்சத்தை நிதானமாக இங்கே எழுதுகிறேன். ஹைப்பர்-வி ஹோஸ்ட் என்றால் விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டுகிற சர்வர். அவற்றின் லாக்குகளைக் கலெக்டர் என்கிற ஒரே மெஷினில் கொண்டுவந்து சேர்க்கிற விண்டோஸின் சொந்த வசதிதான் ஈவென்ட் ஃபார்வர்டிங்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காசு கிடையாது, ஹோஸ்ட்டில் ஏஜென்ட் என்று தனி மென்பொருள் ஏற்ற வேண்டாம், ஒரு மதியத்தில் வேலை முடியும். அனுப்பும் வேகத்தை நார்மல் என்று விட்டால் லாக் வர கால் மணி நேரம்கூட ஆகும். மினிமைஸ் லேட்டன்சிக்கு மாற்றினால் 30 நொடி. வருகிற லாக் சேர்கிற ஃபார்வர்டட் ஈவென்ட்ஸின் 20 எம்பி அளவை முதல் நாளே 1 ஜிபி ஆக்கிவிடுங்கள். சிஸ்டம் லாக் மட்டும் போதாது. விஎம்களை நிர்வகிக்கிற விஎம்எம்எஸ், அவற்றை ஓட்டுகிற வொர்க்கர் இரண்டின் அட்மின் லாக்குகளும் வேண்டும். டிஸ்க் நிரம்பி விஎம் பாதியில் நின்றால் விழுகிற 16060 என்ற ஈவென்ட் ஐடி அங்கேதான் இருக்கும். ஒருமுறை அதைப் பார்த்த கையோடு பழைய ஐஎஸ்ஓ ஃபைல்களை அழித்து, யாரும் போன் பண்ணுவதற்குள் விஎம்மை எழுப்பிவிட்டேன். அன்றைக்கு இதைக் கொண்டாடினேன்.

கலெக்டரை அதே ஹோஸ்ட்டுக்குள் விஎம்மாக வைக்காதீர்கள். நான் வைத்தேன், ஹோஸ்ட் உறைந்தபோது அதுவும் கூடவே உறைந்தது.

இனி எரிச்சல். எங்கள் டொமைன் கன்ட்ரோலர் (டிசி, அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கில் யார் யார் என்று சரிபார்க்கிற சர்வர்) ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு ஹோஸ்ட்டுக்குள் விஎம். அப்டேட் போட்டு அந்த ஹோஸ்ட்டை ரீபூட் செய்தால், அது எழும்போது டிசி இன்னும் எழுந்திருக்காது. ஒருமுறை அப்படி டொமைன் தெரியாததால் நெட்வொர்க் 'பப்ளிக்', அதாவது நம்பக்கூடாத பொது நெட்வொர்க், ஆகிவிட்டது. பப்ளிக்கில், கலெக்டர் லாக் எடுக்க வருகிற 5985 போர்ட் சொந்த சப்நெட்டுக்கு (நெட்வொர்க்கின் அதே பிரிவுக்கு) மட்டும்தான் திறந்திருக்கும். கலெக்டர் இருப்பதோ வேறு சப்நெட்டில். லாக் நின்றது.

நின்றதை யாரும் சொல்லவில்லை. ஈவென்ட் வியூவரில் சப்ஸ்கிரிப்ஷன் 'ஆக்டிவ்' என்றே சிரித்துக்கொண்டிருந்தது. ரைட் கிளிக் செய்து ரன்டைம் ஸ்டேட்டஸைத் திறந்தால்தான் அந்த ஒரு ஹோஸ்ட்டுக்கு மட்டும் பிழை தெரியும். தினமும் யார் திறப்பார்கள்? ஒழுங்காக ஓடுகிற ஹோஸ்ட்டும் ஒன்றும் அனுப்பாது, தொடர்பு அறுந்த ஹோஸ்ட்டும் ஒன்றும் அனுப்பாது. பதினோரு நாள் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பதினோரு நாளும் அங்கே ஈவென்ட் 153 கொட்டிக்கொண்டிருந்தது: டிஸ்க் பதில் தராமல் திரும்பத் திரும்ப முயன்ற கணக்கு. அதுவும் எரர் இல்லை, மஞ்சள் முக்கோண வார்னிங். ஃபில்டரில் வார்னிங்கை டிக் செய்யாதவர்களுக்குத் தொடர்பு இருந்தாலும் வந்திருக்காது.

இப்போது ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக மணிக்கொருமுறை ஈவென்ட்கிரியேட் என்ற கமாண்ட் ஓடி, 999 என்ற ஐடியில் ஒரு வரி எழுதுகிறது. இரண்டு மணி நேரம் 999 வராவிட்டால் கலெக்டரில் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எனக்கு மெயில் அடிக்கும். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிற வேலையை நானே எழுத வேண்டியிருக்கிறது, 5985-ஐக் கலெக்டருக்குத் திறந்துவிட்ட பிறகும்.

இரண்டு வருடத்தில் இது என்னைக் காப்பாற்றியது நாலைந்து தடவை, கைவிட்டது ஒரு தடவை. கணக்குப் பார்த்தால் லாபம்தான். இருந்தும் முதலாளி காசு தந்தால் நாளைக்கே தூக்கிவிடுவேன். போடாதே என்றுதான் நண்பனிடம் சொன்னேன்.

போட்டுவிட்டான். "ரெண்டு நாளாச்சு, ஒரு எரர்கூட வரலை மச்சி" என்று நேற்று மெசேஜ்.