ஆறு ஆண்டுகள் சுவர் நிறங்களோடு வாழ்ந்தபின்

நீலம் அமைதி தரும், மஞ்சள் உற்சாகம் தரும் என்று பலரும் சொல்வதை அப்படியே நம்பி, ஆறு ஆண்டுகளுக்கு முன் படுக்கையறைக்கு அடர் நீலமும் வேலை செய்யும் அறைக்கு எலுமிச்சை மஞ்சளும் பூசினேன். கூடத்துக்கு எதுவும் தோன்றாததால் வெளிர் சாம்பல். முதல் இரண்டும் இன்று சுவரில் இல்லை.

மஞ்சள்தான் முதலில் தோற்றது. ஷேட் கார்டில் இரண்டு விரல் அகலத்தில் இதமாகத் தெரிந்த நிறம், நான்கு சுவர்களிலும் ஏறியபின், ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவரிலும் அதே சாயலைப் பாய்ச்சியதால், எதிர்பார்த்ததைவிட அழுத்தமாகிவிட்டது. முதல் சில வாரங்கள் உற்சாகமாகவே கழிந்தன. மூன்றாம் மாதத்திலோ பிற்பகலானால் மடிக்கணினியோடு கூடத்துக்குப் போய்விடுவது வழக்கமாயிற்று. இரண்டு ஆண்டுகள் பொறுத்தபின் அதே மஞ்சளின் மிக வெளிறிய, தந்தத்தை ஒத்த சாயலைப் பூசினேன். அதன்பின் அந்த அறையில் எரிச்சலின்றி வேலை செய்ய முடிகிறது என்பதால், என்னைத் துரத்தியது மஞ்சள் அன்று, அதன் செறிவே என்று கருதுகிறேன்.

படுக்கையறையில் சிக்கல் விளக்கிலிருந்து வந்தது. பகலில் ஆழமாகவும் அழகாகவும் இருந்த நீலம், நீலக் கதிர்கள் குறைந்த, மஞ்சள் சாயலுள்ள 2700 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு) விளக்கொளியில் கருஞ்சாம்பலாக மங்கி, அறையையே சுருக்கிக் காட்டியது. நீலம் கலந்த வெண்ணொளி தரும் 6500 கெல்வின் விளக்கை மாட்டியதும் நிறம் மீண்டது; தூக்கம்தான் தள்ளிப்போனது. அந்த அறையை நாம் பெரும்பாலும் இரவில்தான் பார்க்கிறோம் என்பதைப் பூசுவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும்.

நிறம் மனத்தை நேராக ஆளுகிறது என்ற கருத்தை இப்போது ஐயத்தோடே பார்க்கிறேன். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டிலில், கைதிகளின் மூர்க்கத்தைத் தணிக்கும் என்று கடற்படைத் தடுப்புக்காவல் அறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். பிற்கால ஆய்வுகளில் அந்த விளைவு உறுதிப்படவில்லை.

இம்முறை பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் இரவிலும் சுவருக்குச் சுவர் மாற்றி ஒரு வாரம் சாய்த்துவைத்துப் பார்த்தபின்பே படுக்கையறைக்குச் சாம்பல் கலந்த வெளிர் பச்சையைத் தேர்ந்தேன். முழுக் கறுப்புக்கு 0, முழு வெண்மைக்கு 100 எனக் கணக்கிடப்படும் ஒளி பிரதிபலிப்பு எண்ணும் உதவியது. 60-க்குக் கீழே இறங்கவில்லை. யோசிக்காமல் பூசிய கூடத்துச் சாம்பல் மட்டும், சுவிட்சைச் சுற்றிய கைக்கறைகளோடு, ஆறாம் ஆண்டிலும் அப்படியே இருக்கிறது.