அமெரிக்காவில் திவால் மனு: வக்கீல் அல்லாதவரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

அமெரிக்காவில் கடனில் மூழ்கி, திவால் மனு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். வக்கீல் அல்லாத ஒருவர், "வக்கீலுக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறீர்கள், எல்லாவற்றையும் நான் முடித்துத் தருகிறேன்" என்று சொன்னால் அவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒருவரால் என் மனு தள்ளுபடி ஆனது. நின்றுபோயிருந்த சம்பளப் பிடித்தம் மறுபடி தொடங்கியது. கடைசியில், கஷ்டகாலத்தில் எனக்கு உதவிய மைத்துனரிடமே பணம் கேட்டுக் கடிதம் போனது.

வேலை போன பிறகு மருத்துவமனைக் கட்டணமும் கிரெடிட் கார்டு பாக்கியும் சேர்ந்துகொண்டன. ஒரு கார்டு நிறுவனம் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி, புதிதாகக் கிடைத்த வேலையின் சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் மூலம் இவர் அறிமுகமானார். தமிழர், வயதில் மூத்தவர், "தம்பி, கவலைப்படாதீர்கள்" என்று பரிவாகப் பேசினார். வருமானம் குறைவு என்பதால் சாப்டர் 7 போதும் என்றார். சொத்தில் சட்டம் விலக்கு அளிக்கும் பகுதி போக மீதி இருந்தால் அதை விற்று, பெரும்பாலான கடன்களிலிருந்து விடுவிப்பது அந்த வகை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தவணையில் கட்டுவது சாப்டர் 13. எது பொருந்தும் என்று அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லவே அவருக்கு உரிமை கிடையாது.

திவால் சட்டத்தின் 110ஆம் பிரிவைப் பிறகு படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பணம் வாங்கிக்கொண்டு மனு தயாரிப்பவர் வக்கீல் இல்லையென்றால், நீங்கள் சொல்வதைப் படிவத்தில் தட்டச்சு செய்யலாம், அவ்வளவுதான். எந்த சாப்டர், எந்தச் சொத்தைக் காப்பாற்றலாம், எந்தக் கடன் நீங்கும் என்று ஆலோசனை சொல்லக் கூடாது. தயாரித்த ஒவ்வொரு ஆவணத்திலும் தன் பெயர், முகவரி, கையெழுத்து, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் தர வேண்டும். நீதிமன்றக் கட்டணத்தை உங்களிடமிருந்து வாங்கவே கூடாது. இவர் தன் கூலியோடு நீதிமன்றக் கட்டணமான 338 டாலரையும் சேர்த்து வாங்கினார். பிறகு அதைக் கட்டாமல், தவணையில் கட்டுவதாக என் பெயரிலேயே விண்ணப்பம் வைத்துவிட்டார். மனுப் படிவத்தில், வக்கீல் அல்லாத யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. அதில் ‘இல்லை’ என்று குறித்திருந்தார். எனக்குக் காட்டியது கையெழுத்துப் போடும் பக்கங்களை மட்டும்தான்.

அவர் சொன்ன ஆலோசனைகள் அதைவிட மோசம். ஊரில் அண்ணனோடு கூட்டாக இருக்கும் நிலத்தைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, அது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? எழுதவேண்டாம்" என்றார். தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் பட்டியலில் வர வேண்டும் என்பதுதான் சட்டம். பரம்பரை நிலத்தில் உள்ள பங்கு, ஊர் வங்கிக் கணக்கு, பெற்றோர் உங்கள் பெயரில் வாங்கிவைத்த மனை எல்லாமே இதில் அடங்கும். பொய் சொன்னால் தண்டனைக்கு ஆளாவேன் என்று உறுதியளித்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம். வேண்டுமென்றே சொத்தை மறைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு, கடன் விடுதலையும் மறுக்கப்படலாம். பின்னால் வக்கீல் மதிப்புப் போட்டுப் பார்த்தபோது, என் பங்கு முழுவதும் சட்டம் அனுமதிக்கும் விலக்குக்குள்ளேயே அடங்கிவிட்டது. காப்பாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்காக என்னைக் குற்றவாளியாக்கப் பார்த்தார் அந்த மனிதர்.

"மனு போடும் முன் சொந்தக்காரர் கடனை அடைத்துவிடுங்கள், உறவு கெடாது" என்று இன்னொரு யோசனையும் சொன்னார். மைத்துனருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். திவால் சட்டத்தில் உறவினருக்கென்று தனி விதி இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுத்த பணமென்றால் மனுவுக்கு முந்தைய 90 நாட்களைத்தான் பார்ப்பார்கள். உறவினர் என்றால் ஓராண்டு பின்னோக்கிப் போய், அந்தப் பணத்தை எல்லாக் கடன்காரர்களுக்கும் பங்கிட டிரஸ்டி, அதாவது திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படுபவர், திரும்பக் கேட்கலாம். அப்படித்தான் கேட்டார். நல்ல மனதோடு உதவியவர் தன் பணத்துக்கே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த ஒன்றை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

மனு தாக்கலானதும் தானாக ஒரு தடை அமலுக்கு வரும். சம்பளப் பிடித்தம், வழக்கு, வசூல் அழைப்பு எல்லாம் நிற்க வேண்டும். எனக்கும் நின்றது, நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அவர் தாக்கல் செய்தது வெறும் முகப்பு மனுவை. சொத்து, வருமானம், செலவு, கடன் பட்டியல்களை 14 நாட்களுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நீதிமன்றம் அனுப்பிய எச்சரிக்கைகள் எனக்கு வரவே இல்லை, ஏனென்றால் தபால் முகவரியாகத் தன் அலுவலகத்தை எழுதியிருந்தார். மனு தள்ளுபடியாகி, சம்பளத்தில் பணம் குறைந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

இன்னொரு மனு போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓராண்டுக்குள் ஒரு மனு தள்ளுபடியாகியிருந்தால் அடுத்த மனுவில் அந்தத் தடை 30 நாள்தான். நீட்டிக்க வேண்டுமென்றால் அதற்குள் விசாரணை முடிய வேண்டும், நல்லெண்ணத்தோடு வந்திருக்கிறேன் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டு மனுக்கள் தள்ளுபடியாகியிருந்தால் தடை தானாக வரவே வராது. வீடு ஏலத்துக்குப் போகும் நிலையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று எண்ணிப் பாருங்கள். என் இரண்டாவது மனுவை வக்கீல்தான் எடுத்துச் செய்தார், நீட்டிப்பும் கிடைத்தது. முதலிலேயே அவரிடம் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகமாகவே ஆனது.

கையில் பணமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. படிவங்கள் நீதிமன்ற இணையதளத்தில் இலவசம். வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சாப்டர் 7 கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். இலவசச் சட்ட உதவி மையங்கள் பல ஊர்களில் திவால் வழக்கை எடுத்துக்கொள்கின்றன, முதல் சந்திப்புக்குக் கட்டணம் வாங்காத வக்கீல்களும் நிறையப் பேர். மனுவுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் கடன் ஆலோசனை வகுப்பை முடிக்க வேண்டும். அதை நீங்களே முடியுங்கள், உங்களுக்குப் பதிலாக யாரையும் உட்காரவைக்காதீர்கள். கார்டு பாக்கியைக் கட்டுவதற்காக ஓய்வூதியச் சேமிப்பான 401கே பணத்தை எடுக்கும் முன் வக்கீலைக் கேளுங்கள். பொதுவாக அது திவாலிலும் பாதுகாக்கப்பட்ட பணம். குழந்தைப் பராமரிப்புத் தொகை, அண்மைக்கால வருமான வரி, பெரும்பாலான கல்விக் கடன் ஆகியவை திவாலால் நீங்குவதில்லை. அதையும் நீக்கித் தருகிறேன் என்பவரைக் கண்டால் விலகிவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டிருந்தால், முதலில் உங்கள் வழக்கு எண்ணோடு நீதிமன்ற எழுத்தரை நேரடியாக அழைத்து, எந்தெந்த ஆவணம் பாக்கி, கெடு என்றைக்கு என்று கேளுங்கள். முகவரியை உடனே மாற்றுங்கள். கெடு முடியும் முன் கூடுதல் அவகாசம் கேட்டு மனு கொடுக்கலாம். பண ரசீது, குறுஞ்செய்தி, கையெழுத்துப் போட்ட பக்கங்கள் எதையும் அழிக்காதீர்கள். அவற்றோடு நீதித் துறையின் கீழ் இயங்கும் யு.எஸ். டிரஸ்டி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கூலியைத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஏமாற்றியது நிரூபணமானால், உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தோடு, 2,000 டாலர் அல்லது நீங்கள் கொடுத்ததில் இரு மடங்கு, இதில் எது அதிகமோ அதையும் தரச் சொல்லலாம். நானும் புகார் கொடுத்திருக்கிறேன்.