சாலையைக் கடக்க: விளக்கா, மேம்பாலமா, சுரங்கப்பாதையா?

சிங்கப்பூரில் ஒரு சாலை: பக்கத்துக்கு மூன்று தடம், நடுவில் திட்டு, மொத்தம் 24 மீட்டர். இந்தப் பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள், அந்தப் பக்கம் ஈரச்சந்தை. இப்படிப்பட்ட சாலையில் முதல் கணக்கைக் கைத்தடியோடு வரும் பாட்டியை வைத்தே போட வேண்டும்.

வினாடிக்கு 1 மீட்டர் நடப்பவருக்கு 24 வினாடி போதும். 0.7 மீட்டர் நடப்பவருக்கு 34 வேண்டும். அந்தப் பத்து வினாடிக்காகத்தான் 2009இல் ‘கிரீன் மேன் பிளஸ்’ வந்தது. மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால், சாலை அகலத்துக்கேற்ப, கடப்பதற்கான பச்சை விளக்கு நேரம் 3 முதல் 13 வினாடி கூடும். பாதியில் நின்று போகவும் வழி செய்யலாம். ஆனால் சக்கர நாற்காலியும் தள்ளுபவரும் நிற்கத் திட்டு 2 மீட்டராவது வேண்டும்.

மேம்பாலம் வாகனங்களை நிறுத்தாது. 1964இல் காலியர் கீயில் முதல் பாலம் வந்த நாளிலிருந்து அதன் பலம் அதுதான். விலையை முழங்கால் கொடுக்கிறது. 4.5 மீட்டர் உயர லாரி அடியில் போக வேண்டும். லாரிக்கு மேல் விடும் இடைவெளியும் தளத்தின் கனமும் சேர்ந்தால் நடைதளம் ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் அமையும். 15 செ.மீ. படியென்றால் நாற்பது படி. பாலத்திலிருந்து 50 மீட்டருக்குள் சாலையில் இறங்கிக் கடப்பதும் குற்றம். ஆக, படியேற முடியாதவருக்கு இருந்த வழியும் அடைபடுகிறது. மின்தூக்கி வைக்க இடமில்லாத இடத்தில் பாலமே கட்டக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மின்தூக்கியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சிக்கல் மண்ணுக்கடியில் தொடங்கும். பாலத்தின் கால் நிற்கும் நடைபாதைக்குக் கீழேதான் மின்கேபிள், தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எல்லாம் ஓடுகின்றன. வரைபடத்தை நம்பாமல், சோதனைக் குழி தோண்டிப் பார்த்த பிறகே மின்தூக்கிக் குழியின் இடத்தைக் குறிக்க வேண்டும். காலாங் போன்ற கடற்களிமண் பகுதியில் அதற்கும் ஆழத் தூண் அடிக்க நேரும். பழைய பாலத்துக்குக் கூரை போடுவதானால், காற்று கூரையைத் தூக்கும் விசையையும், ஓரத்துக் காகிதப்பூத் தொட்டிகளில் மழையில் ஊறிய மண்ணின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சுரங்கப்பாதையில் ஏற்ற இறக்கம் குறைவு, வெயிலும் இல்லை. எதிரி தண்ணீர். 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டுக் கட்டடங்களின் அடித்தளங்களில் வெள்ளம் புகுந்ததை நினைத்தால், நுழைவாயில் நடைபாதையைவிட உயர்ந்து, பிறகே இறங்க வேண்டியது ஏனென்று புரியும். மாற்றுப் பம்பும் தேவை. பெருவிரைவு ரயில் நிலையத்தோடு இணையும் இடம் தவிர வேறெங்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

மூத்தோர் நிறைந்த, வேகம் குறைந்த பேட்டைச் சாலைக்கு விளக்கு. கனரக லாரிகள் விரையும் அகலச் சாலைக்கு, இரு பக்கமும் மின்தூக்கியுள்ள மேம்பாலம். ஒன்று பழுதானால் மற்றொன்றும் பயன்படாது. அதனால் பழுது அறிவிப்பை எதிர்ப்பக்கக் கீழ்வாசலிலும் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏறிக் கடந்தவர் மறுமுனையில், இறங்க வழியின்றி நிற்பார்.