பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்கள் நடு லேபிளை நகத்தால் தடவிப் பாருங்கள்

1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் ஒரிஜினல் இ.பி. தட்டு (சில பாட்டுகள் மட்டும் அடங்கிய சின்ன இசைத்தட்டு) என்று சொல்லி என்னிடம் 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு தெலுங்கு பக்திப் பாடல் தட்டை அனுப்பியிருக்கிறார் ஒருவர். நடுவில் இருந்த லேபிள், கலர் பிரிண்ட் எடுத்து வெட்டி ஒட்டியது. அட்டையும் போலி. பழைய தட்டு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த ஆள் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அந்தப் பாடல்கள் போனில் இலவசமாகவே கிடைக்கின்றனவே, தட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் படத்துக்கு இசையமைத்த விஸ்வநாதன்-ராமமூர்த்தி இருவரும் 1965இல் பிரிந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய சில வருடங்களில் அவர்கள் சேர்ந்து போட்ட மெட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். பி.பி.ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் சேர்ந்து பாடியது அன்றைக்கு எந்தத் தட்டில் வந்ததோ, அந்தத் தட்டிலேயே கேட்க வேண்டும். கல்கத்தா டம்டம் ஆலையிலிருந்து கிராமபோன் கம்பெனியின் தட்டுகள் ஊர் ஊராகப் போன காலம் அது. அப்போது யாரோ ஒருவர் சம்பளப் பணத்தில் வாங்கி, வீட்டு ரேடியோகிராமில் (ரேடியோவும் தட்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி) போட்டுக் கேட்ட தட்டு இன்று என் கைக்கு வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். காசு கொடுப்பது அதற்குத்தான். அந்த ஆள் களவாடியதும் அதைத்தான்.

அவர் பேசிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். “அண்ணே, இது எங்க அப்பா கலெக்‌ஷன். அவர் போன வருஷம் தவறிட்டார். தெரியாதவங்க கைக்குப் போறதைவிட ரசிகர் கைக்குப் போனா அவர் மனசு ஆறும்” என்றார். இதைக் கேட்ட பிறகு யாருக்கும் பேரம் பேச வாய் வராது. பிறகு குழுவில் விசாரித்தால், கோவைக்காரர் ஒருவரிடம் இதே ஆள் “தாத்தா கலெக்‌ஷன்” என்றிருக்கிறார். பெங்களூரில் ஒருவரிடம் “மாமா”. எனக்கு அனுப்பிய போட்டோக்களும் அவருடையவை இல்லை. வேறொரு சேகரிப்பாளர் முன்பு எப்போதோ பகிர்ந்த படங்கள்.

நான் வீடியோவும் கேட்டு வாங்கினேன். தட்டு சுற்றுகிறது, பாட்டு கேட்கிறது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஊசி தட்டில் இறங்கும்போது வரும் அந்தச் சின்ன ‘டொக்’ சத்தம் அதில் இல்லை. அறையில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. பாட்டைத் தனியாகச் சேர்த்து ஒட்டிய வீடியோ அது. அனுப்பி வைக்கும் வீடியோவை நம்பவே நம்பாதீர்கள். வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லும் இடத்தில் ஊசியை வைக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே தட்டு வைத்திருப்பவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

பார்சல் வந்தது. தட்டு கண்ணாடி மாதிரி மின்னியது. துணியால் துடைத்தால் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு. கீறல் தெரியாமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்புகிறார்கள். அந்த எண்ணெய் பள்ளங்களில் தங்கித் தூசியைப் பிடித்து வைக்கும், நம் பிளேயர் ஊசியையும் கெடுக்கும். சரி, கழுவிக்கொள்ளலாம் என்று அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் லேபிள் விளிம்பில் நகம் தட்டியது. தடவிப் பார்த்தால் காகிதத்தின் தடிமன் கையில் தெரிகிறது. மெல்லக் கிளப்பினேன். மேல் காகிதம் உரிந்து வர, அடியில் தெலுங்கு எழுத்தில் இன்னொரு லேபிள்.

உடனே போன் செய்தேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. “அண்ணே, கம்பெனியிலேயே லேபிள் மாத்தி ஒட்டிட்டாங்க போல. மிஸ்பிரிண்ட். இதுக்கு இன்னும் மதிப்பு ஜாஸ்தி” என்றார். இந்தப் பதிலை நம்பி அடங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. எனவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆலையில் லேபிளைப் பசை போட்டு ஒட்டுவதே கிடையாது. சூடான வினைல் உருண்டையை அச்சுக்குள் வைக்கும்போதே மேலும் கீழும் லேபிள் காகிதத்தை வைத்துவிடுவார்கள். அச்சு அழுத்தும்போது வினைலும் காகிதமும் ஒன்றோடொன்று இறுகிவிடும். நல்ல தட்டில் லேபிள் விளிம்பைத் தடவினால் காகிதம் தூக்கி நிற்காது, நடு ஓட்டையைச் சுற்றிலும் பிசிறு இருக்காது. தவறான லேபிளோடு அச்சான தட்டுகள் உண்மையிலேயே உண்டுதான். ஆனால் அவற்றிலும் லேபிள் தட்டோடு இறுகித்தான் இருக்கும். ஒரு லேபிளுக்கு மேல் இன்னொன்று பசையோடு இருந்தால் அது ஆலையின் வேலை இல்லை, ஏமாற்றுக்காரனின் வேலை.

இன்னொரு சாட்சியும் தட்டிலேயே இருக்கிறது. பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வெறும் வளையமாக ஓர் இடம் இருக்கும். அதில் மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்தப் பக்கத்துப் பதிவை அடையாளம் காட்டும் எண், பொறித்திருப்பார்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் நன்றாகத் தெரியும். கிராமபோன் கம்பெனியின் பெரும்பாலான தட்டுகளில் அதே எண் லேபிளிலும் சின்னதாக அச்சாகியிருக்கும். லேபிளை மாற்றலாம், தட்டில் பொறித்ததை மாற்ற முடியாது. என் தட்டில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பணம் அனுப்பும் முன் இந்த இடத்தின் போட்டோவைக் கேளுங்கள். “கேமராவில் சரியா விழலை” என்று இழுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். பழைய ஆஃப்செட் அச்சில் கறுப்பு எழுத்து பொதுவாக ஒரே மையில், ஓரம் கூர்மையாக விழுந்திருக்கும். ஸ்கேன் செய்து திரும்ப அச்சடித்த அட்டையில் அதே எழுத்து கலர் கலரான புள்ளிகளாக உடையும். 1964 அட்டை என்று சொல்லி அதில் பார்கோடோ, ‘சரிகம’ என்ற பெயரோ இருந்தால் கேள்வியே வேண்டாம். கிராமபோன் கம்பெனி அந்தப் பெயருக்கு மாறியதே 2000இல்தான்.

தரம் குறிப்பதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ‘குட்’ என்றால் நல்ல நிலை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் கணக்கில் அது நன்றாகத் தேய்ந்த, இரைச்சலான தட்டு.

மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போகும்வரை சென்னையில் பழைய தட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்க ஓர் இடம் இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்றும் அப்படிப் பார்த்து வாங்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு ஆன்லைனை விட்டால் வழியில்லை, அவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். விலையும் ஏறிக்கொண்டே போகிறது. டம்டமில் அச்சான, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடும் பீட்டில்ஸ் தட்டுகளை வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்த ஆசையில் அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம்.

மிஸ்பிரிண்ட் கதையை நான் ஏற்கவில்லை என்றதும் அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன், தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்திருக்கிறேன். பணம் போன உடனே 1930க்கு அழைத்தால் அந்தக் கணக்கில் பணம் இருக்கும்போதே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், உரையாடல், பார்சலைப் பிரிக்கும் வீடியோ மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். உரித்த போலி லேபிளையும் தூக்கிப் போட வேண்டாம், நான் அதைத் தட்டோடு சேர்த்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். “அப்பா கலெக்‌ஷன்” கதையை நீங்களும் கேட்டிருந்தால் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலும் தனிப் புகார் கொடுங்கள். கோவைக்காரரும் நானும் கொடுத்துவிட்டோம்.