முதல் தடவை காருக்குப் பாலிஷ் போட டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்கலாமா? என் அனுபவம்

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். காருக்குத் தானே பாலிஷ் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் வாங்க வேண்டியது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்தான், ரோட்டரி இல்லை. நான் வாங்கியது 8 மில்லிமீட்டர் த்ரோ (தேய்க்கும் ஃபோம் பேட் மையம் விலகி ஆடும் வட்டத்தின் அகலம்), 5 இன்ச் பேக்கிங் பிளேட் (அந்தப் பேடை ஒட்டும் தட்டு), 1 முதல் 6 வரை வேக டயல் உள்ள, வயரில் ஓடும் சாதாரண மாடல். பிராண்டு பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே அமைப்பில் வேறு வேறு ஸ்டிக்கரோடு நிறைய கிடைக்கிறது, நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். மெஷினுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அதே பெட்டியில் வந்த பேடுக்கும் காம்பவுண்டுக்கும் (கீறலைத் தேய்த்தெடுக்கும் கடினமான பாலிஷ்) கொடுக்க மாட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ரோட்டரி ஏன் வேண்டாம் என்றால், அதில் மோட்டார் பேடை நேராக ஒரே அச்சில் சுற்றுகிறது. அழுத்தினாலும் நிற்காது. ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் வைத்தால் அந்த இடம் சூடேறும், ஓரத்தில் மாட்டினால் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேலடுக்கைத் தாண்டி அடியில் இருக்கும் நிறம் வரை போய்விடும், அப்புறம் அந்தப் பேனலுக்குப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கை பழகியவர்களிடம் அது அருமையான கருவி, வேகமாக வெட்டும், அதாவது மேல்பரப்பைத் தேய்த்தெடுக்கும். பழகாத கையில் வெயிலில் வண்டியைத் திருப்பினால் தெரியும் அந்த வளைவு வளைவான ஹாலோகிராம் கோடுகளைத்தான் விட்டுப் போகும். டூயல் ஆக்‌ஷனில் பேட் சுற்றவும் செய்கிறது, கூடவே மையம் விலகி ஆடவும் செய்கிறது. முக்கியமான விஷயம், சுற்றுவது மோட்டாரின் நேரடிப் பிடியில் இல்லை. அதிகம் அழுத்தினால் சுற்று நின்று வெறும் ஆட்டம் மட்டும் மிஞ்சும். முதல் தடவை செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. அதற்காகப் பெயிண்டைக் கெடுக்கவே முடியாது என்று அர்த்தமில்லை, கெடுக்க ரொம்ப மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான் இருக்கும், நம் தலைமுடி அதைவிடத் தடிமன். வண்டியின் மேல் சிலந்தி வலை மாதிரி தெரிகிற அந்தச் சுழல் கீறல்கள் எல்லாம் இந்த அடுக்கின் மேல்தளத்தில் இருப்பவை. பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது இல்லை, கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றியுள்ள பரப்பைக் கொஞ்சமாகத் தேய்த்துச் சமமாக்குவது. தேய்ந்தது திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக்கதிரைத் தாங்கும் பொருளும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கீறலையும் துரத்திக்கொண்டு போகக் கூடாது. நகத்தால் குறுக்கே வருடும்போது நகம் மாட்டுகிறது என்றால் அந்தக் கீறல் பாலிஷுக்குப் போகாது, அதை விட்டுவிடுங்கள். நான் அப்படி விட்டது டிரைவர் பக்கக் கதவில் ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள இடம் பளிச்சென்று ஆன பிறகு அது முன்பைவிடக் குறைவாகத்தான் கண்ணில் படுகிறது.

இப்போது மெஷினைக் கையில் பிடித்த அனுபவம். எடை தாங்கக்கூடியதுதான், பானெட், கூரை மாதிரி படுக்கையான இடத்தில் மெஷினே தன் எடையில் உட்கார்ந்துகொள்ளும். கதவில் பக்கவாட்டில் பிடிக்கும்போதுதான் தோள் வலி தெரிகிறது. சாஃப்ட் ஸ்டார்ட் இருப்பதால் சுவிட்ச் போட்டதும் துள்ளாமல் மெதுவாக வேகம் ஏறுகிறது. இந்த வசதி இல்லாத மாடலை வாங்காதீர்கள், போட்ட காம்பவுண்டில் பாதி உங்கள் சட்டையில் இருக்கும். டயல் 5-ல் ஓட்டும்போது அதிர்வு தெரிகிறது, முழு பானெட் முடிவதற்குள் உள்ளங்கை மரத்துப்போன மாதிரி ஆகிறது, இடையில் நிறுத்திக் கையை உதறிக்கொண்டால் சரியாகிவிடும். உள்ளே இருக்கும் எதிர் எடை ஒரு குறிப்பிட்ட அளவு பிளேட்டுக்கும் பேடுக்கும் ஏற்றபடி அமைத்தது, பெரிய பேடை மாட்டினால் அதிர்வு கூடும். பிளேட் 5 இன்ச் என்றால் பேட் 5 அல்லது 5.5 இன்ச், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

15, 21 மில்லிமீட்டர் த்ரோ உள்ளவற்றையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். ரூப்ஸ் பிக்ஃபுட் அந்த வகையில் பேர்போனது, வேலை சீக்கிரம் முடியும், பரப்பும் வழவழப்பாக வரும். ஆனால் வளைவான இடங்களில் பெரிய த்ரோ எளிதில் சுற்று நின்றுபோகும், மெஷினைச் சரியாகப் படுக்க வைக்கப் பழக்கம் வேண்டும். பழகும் வரைக்கும் 8 போதும் என்பதுதான் என் கருத்து. நேரம் கூடுதலாகும், ஆனால் வீல் ஆர்ச் மேலும் பம்பர் மூலைகளிலும் பேட் ஓரளவு சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பேட் சுற்றுகிறதா இல்லையா என்று ஓடும்போது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு தடிமனான கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றி வருவது தெரிந்தால் அழுத்தம் சரி, கோடு ஒரே இடத்தில் நடுங்குகிறது என்றால் அழுத்தம் அதிகம், இல்லையென்றால் மெஷின் சாய்ந்திருக்கிறது. இந்த ஒரு கோடு எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த வீடியோவும் கற்றுக்கொடுக்கவில்லை.

சரி, பெட்டியோடு வந்த பொருட்களுக்கு வருவோம். மூன்று ஃபோம் பேடும் ஒரு குட்டி பாட்டில் காம்பவுண்டும் இருந்தன. பேடைப் பற்றிச் சொல்வதற்கு நல்லது எதுவும் இல்லை. வேலை செய்யச் செய்ய பேடின் நடுப்பகுதிதான் அதிகம் சூடாகிறது. கூரையின் இரண்டாவது பாதியில் இருக்கும்போது மெஷின் சத்தம் மாறியது, நிறுத்திப் புரட்டிப் பார்த்தால் ஃபோமுக்கும் வெல்க்ரோவுக்கும் நடுவே பசை இளகி, ஒரு பக்கம் உதடு மாதிரி பிரிந்து நின்றது. அந்த நிலையில் இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் பிளேட்டின் பிளாஸ்டிக் நேராகப் பெயிண்டில் பட்டிருக்கும். நல்ல பேடில் நடுவே துளை இருக்கும், சூடு வெளியே போக. லேக் கன்ட்ரி மாதிரி பேடுக்குப் பேர்போன கம்பெனிகளின் பேடைத் தனியாக வாங்குங்கள், ஒரு காருக்குக் குறைந்தது நான்கு பேடாவது வேண்டும். ஒரே பேடை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது ஊறி, சூடாகி, வெட்டும் திறனை இழந்துவிடும்.

பெட்டியில் வந்த காம்பவுண்ட் இன்னும் மோசம். துடைத்ததும் கண்ணாடி மாதிரி இருந்தது, உண்மையில் அசந்துவிட்டேன். ஆனால் தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துத் துடைத்துவிட்டு எல்இடி டார்ச்சை அடித்துப் பார்த்தால் போன கீறலில் பாதி திரும்ப வந்து நிற்கிறது. அதில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் புகுந்து மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாலு தடவை கழுவினால் எண்ணெய் போய்விடும், கீறல் இருக்கும். எந்தப் பாலிஷாக இருந்தாலும் ஆல்கஹால் துடைப்புக்குப் பிறகுதான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

அதற்குப் பதிலாக மெக்வயர்ஸ் எம்205 வாங்கினேன், இதை மனதாரச் சிபாரிசு செய்கிறேன். இது ஃபினிஷிங் பாலிஷ் வகை, அதாவது வெட்டு மிதம். சில பாலிஷ்களில் உராய்வுத் துகள்கள் தேய்க்கத் தேய்க்கப் பொடியாகி நைசாகும், அதனால் நேரம் பார்த்து முழுச் சுற்றையும் முடித்தாக வேண்டும். எம்205-ல் துகள்கள் ஆரம்பத்திலிருந்தே ஒரே நைஸ், பாதியில் நிறுத்தினாலும் அரைகுறைத் துகள் தடம் என்று எதுவும் கிடையாது. சீக்கிரம் காய்வதில்லை, தூசி கிளம்புவது குறைவு, மைக்ரோஃபைபர் துணியில் ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது. ஆரம்பத்தில் தடுமாறுகிறவருக்கு இந்த நிதானம் பெரிய உதவி. ஆழமான கீறலுக்கு இது போதாது, அதற்குக் காம்பவுண்ட் வேண்டும், ஆனால் எடுத்தவுடனே காம்பவுண்டில் தொடங்காதீர்கள். மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் வைத்து ஒரு சின்னக் கட்டத்தில் சோதித்துப் பாருங்கள். அதிலேயே திருப்தி என்றால் முழு வண்டிக்கும் அதுதான். இல்லையென்றால் முதலில் பேடை மட்டும் ஒரு படி கடினமாக மாற்றுங்கள், அதுவும் போதாமல் போனால் பாலிஷை மாற்றுங்கள். என் வண்டியில் பேடை மாற்றியதே போதுமாக இருந்தது.

ஓட்டும் முறை ரொம்ப எளிது, பொறுமைதான் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடிக் கட்டம், பேடில் பட்டாணி அளவு நாலைந்து சொட்டு, டயல் 1-ல் பரப்பிவிட்டு 4 அல்லது 5-க்கு ஏற்ற வேண்டும். நொடிக்கு ஓர் இன்ச் நகர்ந்தால் போதும். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கை பறக்கிறது, கடகடவென்று இழுத்தால் பேட் சுற்றும், கீறல் அப்படியே இருக்கும். குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, முந்திய கோட்டின் பாதியை மூடியபடி. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்து உள்ளே சேர்ந்ததை எடுத்துவிட வேண்டும். மெஷினைத் தூக்குவதற்கு முன் சுவிட்சை அணைக்க வேண்டும். வயரைத் தோளுக்கு மேலே போட்டுக்கொண்டால் பெயிண்டில் உரசாது.

இதற்கு முன்பு செய்யும் வேலைதான் உண்மையில் நீளம், மெஷின் வாங்குகிறவர்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. கழுவாத வண்டியில் பேடை வைப்பது உப்புத்தாளை வைப்பதற்குச் சமம். நன்றாகக் கழுவி, இரும்புத்தூள் நீக்கும் திரவத்தைத் தெளித்தால், பெயிண்டில் ஒட்டியிருக்கும் பிரேக் தூள் ஊதா நிறத்தில் வழிந்து இறங்கும். கீழ்க் கதவு ஓரங்களில் அது வழிவதைப் பார்த்தால் கழுவியதெல்லாம் கணக்கில்லையா என்று தோன்றும். அப்புறம் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள், வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் தெளிவாகத் தெரியும். அது போகும் வரை லூப்ரிகன்ட் தெளித்து க்ளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) போட வேண்டும். க்ளே பார் கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ, பேனல்களின் கூர்மையான ஓரம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெலிதாக இருக்கும், அங்கே பேடைக் கொண்டுபோகவே வேண்டாம். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாமல் தேக்கிவைத்துக்கொள்ளும், அங்கே டயலைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிழலில், பேனல் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டும் வேலை செய்யுங்கள்.

கடைசியில் கிடைத்தது என்ன என்றால், மிதமான சுழல் கீறல்கள் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன, ஆழமானவை மங்கின. நிறத்தின் ஆழம் திரும்ப வந்தது, முன்பு வெளுத்த மாதிரி இருந்த பானெட்டில் இப்போது மேலே இருக்கும் விளக்கின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது. பாலிஷ் போட்ட பெயிண்ட் வெறுமையாக இருக்கும், அதன் மேல் மெழுகோ சீலன்ட்டோ (செயற்கைக் காப்புப் பூச்சு) கட்டாயம் போட வேண்டும். நான் சீலன்ட் போட்டேன். கழுவும் பழக்கத்தையும் மாற்றினேன், சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, கையுறையை அலச இன்னொரு வாளி. அது மாறவில்லை என்றால் அதே கீறல்கள் அதே இடத்தில் திரும்ப வந்துவிடும், ஒவ்வொரு தடவையும் தேய்க்கக் கிளியர் கோட் இருக்காது.

யார் வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். மேட் ஃபினிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது, தேய்த்த இடம் மட்டும் பளபளத்து அப்படியே நின்றுவிடும். ஒரு பேனலுக்கு ஏற்கனவே பெயிண்ட் அடித்திருந்தாலோ, முன்பு யாராவது பலமாகப் பாலிஷ் போட்டிருந்தாலோ, பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டிவிட்டுத் தொடுங்கள். கிளியர் கோட்டே உரிய ஆரம்பித்த வண்டிக்கும் இதனால் பயனில்லை. கதவுக் கைப்பிடியின் பின்குழியிலும் மிரர் அடியிலும் 5 இன்ச் பேட் போகவே போகாது, அங்கே கையாலேயே ஒரு அப்ளிகேட்டர் வைத்துத் தேய்த்தேன், பாதி திருப்திதான். அடுத்து 3 இன்ச் பிளேட் உள்ள சின்ன மெஷின் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், யாராவது பயன்படுத்தியிருந்தால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.