கேமரனா, டீன் ஸ்மித்தா?

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கல்லூரிக் கூடைப்பந்து அரங்கங்கள். ட்யூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் 1940-இல் திறக்கப்பட்டது. 9,314 பேர்தான் கொள்ளும். மாணவர்கள் முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு ஆடுகளத்தின் ஓரத்திலேயே நிற்பார்கள். எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிய வரும் எதிரணி ஆட்டக்காரரின் முதுகை அவர்கள் விரல்கள் தொடாத குறைதான். இந்த இடத்துக்காக வாரக்கணக்கில் வெளியே கூடாரம் போட்டுக் காத்திருப்பார்கள்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் சென்டர் 1986-இல் வந்தது. 21,000 பேருக்கு மேல் உட்காரலாம். கூரையில் மைக்கேல் ஜோர்டனின் 23-ஆம் எண் ஜெர்சி தொங்குகிறது. ஆனால் அவர் 1984-லேயே கல்லூரியை விட்டுப் போய்விட்டார்!

வசதிக்கு இது சரி. சத்தத்துக்குக் கேமரன்தான், டிக்கெட் கிடைத்தால்.